பூபாலன் வைத்த கட்டைவிரல்

பூஞ்சேரியில் அம்சா அம்மாள் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தில் பாதி வேலை முடிந்திருந்தபோது பூபாலன் கிளை அறுக்கும் மெஷினை நிறுத்தினான். நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நடுவில் நிறுத்தினால் ஒன்று பெட்ரோல் தீர்ந்திருக்கும், இல்லை பீடி ஞாபகம் வந்திருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை. சமையல்கட்டுக்கு மேலே நீண்டிருந்த பெரிய கிளையில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு கத்தி முனையால் எதையோ நோண்டினான். கையை எங்கோ விட்டு எடுத்தான். அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

பக்கத்துச் சிற்பப் பட்டறையிலிருந்து மோகன் காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டினார். கல் தூசி படிந்து புருவமெல்லாம் வெள்ளை.

"இன்னா பூபாலா, மேல எவளையானா பொண்ணு பாத்துட்டியா? எறங்க மாட்டேன்ற?"

வேறு நாளாக இருந்தால் பூபாலன் மோகனின் வீட்டுக்காரம்மா வரைக்கும் இழுத்துப் பதில் சொல்லியிருப்பான். அன்றைக்கு மெஷினைக் கயிற்றில் கட்டி இறக்கினான். பின்னாலேயே அவனும் இறங்கினான். இடுப்பு பெல்ட்டைக் கழற்றினான். துண்டில் எதையோ சுற்றி டிவிஎஸ் வண்டிப் பையில் போட்டான்.

"நான் இனிமே ஏறல மச்சான்."

"தண்ணி வேணுமா மாப்ள?"

"ஏறலன்றேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். மரம் ஒரு பக்கம் கழித்தும் ஒரு பக்கம் கழிக்காமலும், பாதி முடி வெட்டிக்கொண்டு எழுந்து வந்த ஆள் மாதிரி நின்றது. அம்சா அம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னா ஞானதாஸு இது? உங்க மாப்ளைக்கு இன்னா கேடு? இப்டியே வுட்டுட்டுப் போனா பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

பூபாலன் என் தங்கை ரூத்தின் புருஷன். மதுராந்தகம் ஏரிக்குப் பின்னால் ஒரு காலனியில் பிறந்தவன். அவன் அப்பா ஊரார் நிலத்தில் நடவு, அறுப்பு என்று ஓடியவர். இவன் ஆறாவதோடு படிப்பை விட்டு ரோட்டோரப் புளியமரம் உலுக்கப் போனான். அங்கேதான் கத்தி தவறி வலது கட்டைவிரலில் இறங்கியது. விரல் பிழைத்தது, ஆனால் குறுக்கே சாய்வாக ஒரு வடு நின்றுவிட்டது. ரூத்தைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தான். நாங்கள் சர்ச்சுக்காரர்கள், அவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். அதனால் கோயிலில் ஒரு தடவை, சர்ச்சில் ஒரு தடவை என்று ஒரே பெண்ணை இரண்டு தரம் கட்டியவன்.

வர்தா புயல் அடித்த வருடம் மரமெல்லாம் வீட்டுக்கு மேல் விழுந்து கிடந்தது. பூபாலன் ஒரு பழைய மெஷினை வாங்கிக்கொண்டு இறங்கினான். நான் அப்போது லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். விழுந்த கட்டையை ஏற்றப் போனேன், கயிற்றைக் கொஞ்சம் பிடி என்றான், பிடித்தேன். இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவன் மேலிருந்து ஒரு தடவை சுண்டினால் கயிற்றைத் தளர்த்த வேண்டும், இரண்டு தடவை சுண்டினால் இறுக்க வேண்டும். மெஷின் சத்தத்தில் பேசினால் காதில் விழாது.

எங்கள் தொழில் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. கிளை கழிப்பது. மாடியில் உரசுகிற கிளை, கரண்டுக் கம்பியில் படுகிற கிளை, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருகிற கிளை. மழைக்கு முந்திய புரட்டாசி மாதம்தான் எங்களுக்கு அறுவடை. வீட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் தலைக்கு மேல் மரம் இருப்பதே கண்ணில் படும்.

பூபாலனுக்கு இந்தப் பக்கம் பேர் கிடைத்தது அவன் வெட்டுகிற சுத்தத்தால். கிளையை அடிமரத்தோடு ஒட்ட வெட்டுவான். கையை வைத்துத் தடவினால் இங்கே ஒரு கிளை இருந்தது என்றே தெரியாது, மழித்த கன்னம் மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்கள் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அதற்கு மேல் சிமெண்டில் கொஞ்சம் செம்மண் கலந்து வெட்டுவாயை அடைப்பான். ஈரம் காய்வதற்குள் கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்துவான். சாய்வுக் கோடு போட்ட விரல் அச்சு விழும்.

"காயம் பட்ட எடத்துல தண்ணி எறங்கக் கூடாதில்லமா? அதான் அடச்சிட்டேன். இது நம்ம சீலு" என்பான்.

எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரைக்கும் எத்தனை மரத்தில் அந்த விரல் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

அப்படிப்பட்டவன் ஏறமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன நினைப்பது? ரூத்தின் போன் ஓயாமல் அடித்தது. மறைமலை நகரில் ஒரு மாமரம், திருக்கழுக்குன்றத்தில் ஒரு பூவரசு, பட்டிபுலத்தில் ஒரு வாதாம். இவள் எல்லாருக்கும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணா, இந்த மாசம் ஏறுனாதான் எங்களுக்கு வருசம் ஓடும். மழ வந்துட்டா எவன் கூப்டுவான்? நீயானா கேளேன்."

"கேட்டாச்சு. ஏறலன்றான்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஏறலன்றான்."

தலை சுற்றுகிறதோ என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம்தான் தொங்கியிருந்தது.

"அவுருக்குக் கண்ணு நல்லா கீதாம், காது நல்லா கீதாம், பிரஷரும் நல்லா கீதாம். கூடப் போன எனுக்குதான் ஜாஸ்தியா கீதுன்னு மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க."

மரத்தில் பாம்பைப் பார்த்திருப்பானோ என்று நினைத்தேன். ஆனால் முன்னே ஒரு தடவை பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவன் அவன். காத்து கருப்பு அண்டியதா? அந்த மரத்துக்குக் கீழே தினம் குழம்பு கொதிக்கிறது, அங்கே எந்தப் பேய் வரும்? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சந்து.

அதற்கும் மேலே ஒரு குழப்பம் வந்தது. காலை நாஸ்தா முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினான். மெஷின் இல்லை, கயிறு இல்லை. கத்தி மட்டும். சாயங்காலம் முழங்கை வரைக்கும் மண்ணோடு வருவான். எங்கே போனாய் என்றால் சும்மா என்பான்.

ரூத் என்னைத் தனியே கூப்பிட்டாள். "வேற எவளானா கீறாளாண்ணா?"

"கத்தி எடுத்துகினு எவன்டி பொம்பள வூட்டுக்குப் போவான்?"

"அப்ப யாரையானா வெட்டப் போறாரா?"

இதற்கு முந்தின கேள்வியே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

பதில் பொத்தேரியிலிருந்து வந்தது. அங்கே காலேஜ் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் நடத்துகிற லோகநாயகி போன் செய்தார். அவர் வீட்டு வேப்பமரம் நாங்கள் கழித்ததுதான்.

"ஞானதாஸு, உங்க மாப்ள எங்க மரத்தக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறாரு. குடிச்ச மாதிரியும் தெரியல. பசங்கல்லாம் போன்ல படம் புடிக்குதுங்க. வந்து கூட்டிகினு போய்யா, எனுக்குப் பேஜாரா கீது."

போனேன். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. பூபாலன் மரத்தில் காதை ஒட்ட வைத்து, கத்தியின் பின்பக்கத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தான். சுற்றி ஒரு கும்பல்.

"அண்ணா, பேஷண்ட் பொழச்சுடுமா?" என்றான் ஒருவன்.

"மூச்சு விடுதா பாருங்கண்ணா" என்றான் இன்னொருவன்.

பூபாலன் என்னைப் பார்த்ததும் கத்தியை நீட்டினான். "மச்சான், நீ தட்டு. இன்னா கேக்குது சொல்லு."

தட்டினேன். "மரம் கேக்குது."

"கெட்டியா கேக்குதா, காலியா கேக்குதா?"

"கெட்டியாதான் கீது. இன்னாடா உனுக்கு?"

அவன் முகம் தெளியும் என்று பார்த்தேன். இன்னும் சுருங்கியது. "இதுவும் கெட்டியா கீது" என்றான், ஏதோ கெட்ட சேதி மாதிரி.

பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்தேன். வண்டிப் பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுச் சில்லு. நடுவில் விரல் அச்சு. சாய்வாக ஒரு கோடு.

"இது யாரு வெரலு மச்சான்?"

"உன் வெரல்தான். பூஞ்சேரி மரத்துல எடுத்தியா?"

"அந்தப் பெரிய கெளைல ஒரு சின்னக் கெள இருந்துச்சே, வர்தாவுக்கு அப்பால கழிச்சமே, அதும்மேல வெச்சது. அன்னிக்கு ஏறி ஒக்காந்தனா, பெல்ட்டு கொக்கி இதுமேல பட்டுது. தவுலு மாதிரி கேட்டுது. நோண்டுனேன். கழண்டு வந்துடுச்சு. கைய வுட்டேன் மச்சான். முழங்கை வரிக்கும் போவுது. உள்ள மரமே இல்ல. காப்பித்தூள் மாதிரி மக்கு, கட்டெறும்பு, ஈரம். மேல மட்டும் என் சீலு அழகா கீது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை.

"ஒரு கெள உளுத்துப் போச்சு. மரம்னா உளுக்காதா? அதுக்கு ஏன் ஏற மாட்டேன்ற?"

"ஒண்ணுதான்னா பரவால்ல மச்சான். எல்லா மரத்துலயும் இப்டிதான வெட்டி இப்டிதான அடச்சேன்? தண்ணி எறங்கக் கூடாதுன்னு அடச்சனே, எறங்குன தண்ணி வெளிய வராத மாதிரி அடச்சிட்டனா? அதான் ஒவ்வொண்ணாப் போய்ப் பாக்கறேன். எல்லாமே பொந்துன்னா கத்திய ஏரில வீசிட்டு வேற வேலைக்குப் போய்டுவேன்."

"இன்னா தெரிஞ்சுது?"

"அதான் ஒரு எழவும் தெரியல. கூடுவாஞ்சேரி மாமரம் பொந்து. அதே தெருவுல புங்கமரம் இரும்பு மாதிரி கீது. இந்த வேம்பு கெட்டி. திருப்போரூர் வேம்பு தட்டுனா தவுலு. அதே கை, அதே மெஷினு, அதே சிமெண்ட்டு. எனுக்கு மண்ட காயுது."

போனில் வீடியோ பார்த்திருக்கிறான். ஒருத்தர் கிளை பிறக்கிற இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டு வெட்டு, எதையும் பூசாதே, மரமே மூடிக்கொள்ளும் என்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருத்தர் பெயிண்டைக் குழைத்து அப்புகிறார். மூன்றாவது ஆள் சாணி பூசுகிறார். மூன்று பேரும் சத்தியம் செய்கிற மாதிரிதான் பேசுகிறார்களாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"மாப்ள, அந்தப் பூஞ்சேரிக் கெள இன்னும் மேலதான கீது?"

"கீது."

"அதுங்கீழதான அந்தம்மா சோறாக்குது?"

சில்லைத் துண்டில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"சொல்லலியா அதுங்கிட்ட?"

"இன்னான்னு சொல்றது? நான் வெச்ச சீலு உன் மரத்தத் தின்னுட்டுதுன்னா? மொதல்ல மத்த மரத்தப் பாத்துட்டு, நான் செஞ்சது ரைட்டா தப்பான்னு தெரிஞ்சிகினு சொல்லலாம்னு..."

"நீ தெரிஞ்சிக்கற வரிக்கும் காத்து நிக்குமாடா?"

டீக்கடை டிவியில் கடலில் தாழ்வு மண்டலம் என்று சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதை அவனும் பார்த்தான். சில்லறையைத் தேடாமல் எழுந்து போய் வண்டியை உதைத்தான். டீக்கு நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பூஞ்சேரிக்குப் போனோம். கடல் பக்கம் மேகம் அடுப்புக்கரி மாதிரி நின்றது. பூபாலன் அம்சா அம்மாளிடம் சில்லைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். கத்தப்போகிறார், கரண்டி பறக்கப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் சில்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி வருசம் நல்லாதான இருந்துச்சு? நீ ஏன் கழட்டுன?"

"உள்ள பொந்துமா."

"கழட்டுனதால பொந்து ஆச்சா?"

"இல்லமா, ஏற்கனவே..."

"சரி சரி, அந்தக் கெளைய எடு. எடுத்துட்டு மறுபடி நல்லா அடச்சி உன் வெரல வெச்சிட்டுப் போ. அது இருந்தாதான் பாக்க லட்சணமா கீது."

பூபாலன் என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோகன் உளியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கெளைக்கு மட்டும்தான் மச்சான். இதோட சரி" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைக் கட்டினான்.

பொந்துக் கிளையில் பாரம் வைக்க முடியாது. அதனால் எதிர்ப்பக்கத்துக் கிளையில் கயிற்றைப் போட்டு அதில் தொங்கிக்கொண்டே வேலை செய்தான். துண்டுகளைக் கட்டி இறக்க வேறு கயிறு; அதன் மறுமுனையை நான் பக்கத்துத் தென்னை மரத்தில் சுற்றிப் பிடித்தேன். நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்கினோம். பொந்து இருந்த இடம் வந்ததும் மெஷின் பட்ட மாத்திரத்தில் கிளை தானாகவே முறிந்தது. கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடி நின்றது. துண்டு சமையல்கட்டுக் கூரைக்கு ஒரு முழம் மேலே ஆடியது. உள்ளேயிருந்து குக்கர் விசில் அடித்தது.

மிச்சம் இருந்தது அடிமரத்தோடு சேர்ந்த முட்டு. அங்கே மரம் நல்ல மரம். பூபாலன் மெஷினை அடிமரத்தோடு ஒட்ட வைத்தான். எடுத்தான். கொஞ்சம் தள்ளி வைத்தான். எடுத்தான். மெஷினை அணைத்துவிட்டுக் கீழே குனிந்தான்.

"மச்சான், எங்க வெட்டறது?"

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எனக்குக் கயிறு தெரியும், லோடு வண்டி தெரியும்.

"என்னக் கேட்டா?"

"வேற யாரக் கேக்கறது? மோதிரம் மாதிரி ஒண்ணு தெரியுது. வுட்டு வெட்டவா, ஒட்ட வெட்டவா?"

"வுட்டே வெட்டேன். ஒட்ட வெட்டித்தான் பாத்தாச்சே" என்றேன். சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

விட்டு வெட்டினான். இறங்கி வந்தான். அம்சா அம்மாள் சட்டியில் சிமெண்டும் செம்மண்ணும் குழைத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இத அடைக்கப் போறதில்லமா."

"இன்னாது? முட்டி முட்டியா நிக்குது, வெள்ளையா வாயத் தொறந்துகினு கீது, அடைக்கலன்ற?"

"காயட்டும்மா. அப்பால வந்து பாக்கறேன்."

"முன்ன நல்லா வேல செஞ்ச பூபாலா. இப்ப இன்னாமோ ஆயிட்டுது உனுக்கு" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே காற்று வந்தது. பிறகு மழை. மழை நாளெல்லாம் பூபாலன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். போன் வந்தால் எடுப்பதில்லை. ரூத் என்னைப் பார்ப்பாள், நான் மழையைப் பார்ப்பேன். ஒரு கிளைக்கு ஏறினான், சரி. தொழிலுக்கு ஏறுவானா? அவனைக் கேட்டால் தெரியல மச்சான் என்றான். ஏறலன்றேன் என்பதற்கு இது தேவலையா, மோசமா என்று ரூத்துக்கும் எனக்கும் ஒரு சண்டை நடந்தது.

மழை விட்டதும் அவனே கிளம்பினான். "அந்த வெட்டு காஞ்சிதா பாத்துட்டு வரலாம் வா." சும்மா பார்ப்பதற்குத்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றான். ஆனாலும் நான் லோடு வண்டியில் கயிறு, பெல்ட்டு எல்லாம் போட்டுக்கொண்டேன்.

மரம் நின்றது. வீடும் நின்றது. பூபாலன் அண்ணாந்து பார்த்தான். வாயைத் திறந்தபடியே நின்றான். நானும் பார்த்தேன்.

அவன் விட்டு வெட்டிய முட்டு அங்கே இல்லை. அடிமரத்தோடு ஒட்ட அறுத்து, செம்மண் நிறத்தில் வழவழவென்று பூச்சு. நடுவில் ஒரு விரல் அச்சு. அதில் சாய்வாக ஒரு கோடு.

"மச்சான், நான் எப்ப வந்து இத வெச்சேன்?"

அவன் கேட்ட தினுசில் எனக்கே சந்தேகம் வந்தது. மழை நேரத்தில் தூக்கத்தில் எழுந்து வந்திருப்பானோ? அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், மறுபடியும் விரலைப் பார்த்தான்.

சுவருக்கு மேல் மோகனின் வெள்ளைப் புருவம் எழுந்தது.

"ஒரிஜினல் மாதிரியே கீதா?"

"நீயா செஞ்ச?"

"இந்தம்மா கெஞ்சிச்சுபா. அடுத்த மழ வரதுக்குள்ள அடச்சிக் குடு, பழய மாதிரியே வேணும்னுச்சு. சாரம் கட்டி ஏறுனேன். வெரலு எப்டி வெக்கறதுன்னு பாத்தேன். அடிமரத்துல கீழ உன் பழய சீலு ஒண்ணு கீதே, அதப் பாத்து சின்ன உளில செதுக்கிட்டேன். அந்த வெட்டுக்கோடுதான் ரொம்பப் படுத்திட்டுது. கோயில் சில கூட இவ்ளோ நேரம் புடிக்கல."

அம்சா அம்மாள் வாசலுக்கு வந்தார். "பாத்தியா? இப்ப எப்டி லட்சணமா கீது!"

பூபாலன் கீழே இருந்த பழைய பூச்சைக் கத்தியால் தட்டினான். கெட்டி. அண்ணாந்து புதுப் பூச்சைப் பார்த்தான். சாரத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

"கயிற எடு மச்சான்."

"சும்மா பாக்கத்தான வந்தோம்?"

"எடுறான்றேன்."

எடுத்தேன். பெல்ட்டைக் கட்டினான், ஏறினான். அம்சா அம்மாள் ஐயோ ஐயோ என்று கத்தினார். மோகன் சுவரில் ஏறி உட்கார்ந்து, "டேய், டேய், அதுல என் கைவேல கீதுடா, பாத்து எடு, முழுசா குடு, நான் வெச்சிக்கறேன்" என்று கத்தினார். கத்தி பட்டுச் சிமெண்டு பொலபொலவென்று என் தலைமேல் உதிர்ந்தது.

பாக்கெட்டில் என் போன் அடித்தது. ரூத்.

"எங்கண்ணா கீறீங்க? பட்டிபுலம் வாதாம்மரக்காரு நாலு வாட்டி போன் பண்ணிட்டாரு. இன்னா சொல்றது?"

"இரு" என்றேன்.

மேலிருந்து குரல் வந்தது. "மச்சான், உள்ள ஈரமா கீது. ஆனா மரம் பச்சையா கீது. ஓரத்துல புதுசா தோலு வர மாதிரி தெரியுது. இது நல்லதா, கெட்டதா?"

"எனுக்கு இன்னாடா தெரியும்?"

"தெரியலன்னா கயிற ஒயுங்கா புடி. இன்னிக்கு இத முடிச்சிட்டு எங்க போவணும்?"

"பட்டிபுலம்" என்றேன், மேலேயும் போனிலும்.

கயிறு இரண்டு தடவை சுண்டியது. இறுக்கினேன்.